கழுவாத இறைச்சி

ஒஸ்லோவில் எங்கள் தமிழ்க் கத்தோலிக்கப் பங்கின் நத்தார் விருந்துக்கு, அதுதான் கிறிஸ்மஸ் சாப்பாட்டுக்கு, இறைச்சி எடுக்கும் பொறுப்பு ஒன்பது வருடமாக என்னிடம்தான் இருந்தது. அதில் எனக்குப் பெருமை இருந்ததை ஒளிக்கப் போவதில்லை. நகர ஓரத்து ரொம்மனிலிருந்து வான் வண்டியை எடுத்துக்கொண்டு போய், கல்லாய் உறைந்த நியூசிலாந்து ஆட்டிறைச்சியைப் பெட்டி பெட்டியாக ஏற்றி வந்து, கோயில் மண்டபத்துச் சமையலறையில் இறக்குவேன். "செபஸ்ரியன் அண்ணை எடுத்தால் இறைச்சி பிழை போகாது" என்று சனம் சொல்லும். சொல்லாவிட்டால் நானே கேட்டுச் சொல்லவைப்பேன். அந்தப் பெட்டியில் கைவைக்க வந்தவள்தான் மரியரஞ்சனி.

2005ஆம் ஆண்டு உயிர்ப்பு ஞாயிறு முடிந்து இரண்டு கிழமை இருக்கும். பங்குச் சபைக் கூட்டத்தில் வரப்போகிற விழாக்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். எந்தக் கூட்டத்திலும் வாயைத் திறக்காத மரியரஞ்சனி பின் வரிசையில் எழும்பி நின்றாள்.

"இந்த முறை நத்தாருக்கு நியூசிலாந்து ஆடு வேண்டாம். இறைச்சி நான் தாறன்."

"எங்கையிருந்து?" என்று கேட்டேன்.

"காட்டிலையிருந்து."

மண்டபம் சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான்தான். சுவாமியார் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். மரியரஞ்சனி சிரிப்பு அடங்கும்வரை நின்றாள். பிறகு, அது எல்க் இறைச்சி என்றும், உலகத்தின் மற்ற நுனியிலிருந்து கப்பலில் வருகிற ஆட்டை நத்தாருக்குத் தின்பது தனக்கு இனிச் சரிவராது என்றும் சொன்னாள். நூற்றிருபது பேருக்கும் தானே தருவதாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். சபை அதைக் குறிப்பேட்டில் எழுதியது. எழுதியவன் நான். வேண்டுமென்றே தடித்த எழுத்தில் எழுதினேன்.

அவளைப் பற்றிச் சொல்லவேண்டும். மன்னார் பேசாலைப் பிள்ளை. தொண்ணூறில் போரால் இடம்பெயர்ந்து மடுக் கோயில் வளவில் அகதியாக மாதக்கணக்கில் கிடந்து, அடுத்த வருடம் இருபத்திரண்டு வயதில் நோர்வே வந்தவள். வந்த கையோடு வடக்கே ஃபின்மார்க்கில் ஒரு மீன் தொழிற்சாலை. ஏழு வருடம், ரப்பர் சப்பாத்தும் கையுறையும் கத்தியுமாக நின்றாள். பிறகு ஒஸ்லோ, பியோர்ண்டாலில் வீடு, பஸ் ஓட்டுகிற யோகராசாவோடு கலியாணம். அவன் யாழ்ப்பாணத்துச் சைவப் பெடியன். இரண்டு பக்கத்தாரும் இரண்டு வருடம் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு, முதல் பிள்ளை பிறந்ததும் இறக்கி வைத்தார்கள்.

ஒஸ்லோவில் அவளுக்கு ஒரு வயோதிபர் இல்லத்தின் சமையலறையில் வேலை கிடைத்தது. அங்கே சமைப்பதைவிட வழிப்பதுதான் அதிகம் என்பாள். மத்தியானம் சாப்பிட்ட தட்டுகள், எங்கள் பேச்சில் கோப்பைகள், திரும்பி வந்தால் பாதி அப்படியே இருக்கும். பன்றித் துண்டு, கோழித் துண்டு, உருளைக்கிழங்கு, எல்லாவற்றையும் கரண்டியால் வழித்து வாளிக்குள் தள்ளவேண்டும். மடு வளவில் ஒரு தகரப் பேணி பருப்புக்கு வரிசையில் நின்றவள் அவள். அந்த வாளியைப் பார்த்துப் பார்த்து அவளுக்குக் கோபம் ஏறிக்கொண்டே இருந்தது.

அந்த இல்லத்துக் கட்டடத்தைப் பராமரிக்கிற ஒட்வார் என்ற நோர்வீஜியர் ஒருநாள் தன் சாப்பாட்டுப் பெட்டியிலிருந்து கறுத்த இறைச்சித் துண்டு ஒன்றை நீட்டினார். எல்க் என்றார். குதிரை உயரத்தில், கையகலக் கொம்போடு காட்டில் திரிகிற பெரிய மான். "இதற்கு யாரும் தீனி போடவில்லை. இதற்காக யாரும் காடு வெட்டிச் சோயா விதைக்கவில்லை. கப்பலில் ஏற்றவும் இல்லை. குருத்துத் தின்று வளர்ந்தது, போன ஒக்டோபரில் நாங்கள் சுட்டது" என்றார். அதுகள் அளவுக்குமேல் பெருகினால் இளம் பைன் மரங்களைத் தின்று தீர்த்துவிடும், பிறகு குளிர்காலத்தில் அதுகளே பட்டினி கிடக்கும். அதனால் ஒவ்வொரு காட்டுக்கும் எத்தனை, எந்த வயது என்று கணக்கு வைத்துத்தான் சுடவிடுகிறார்கள் என்றும் சொன்னார்.

அந்த இல்லத்துச் சாப்பாட்டறைச் சுவரில் பெரிய உலகப் படம் ஒன்று தொங்குகிறது. ஒட்வார் போனபிறகு மரியரஞ்சனி அதற்கு முன்னால் போய் நின்று, நியூசிலாந்தில் விரலை வைத்து, கடல் வழியே ஒஸ்லோவரை இழுத்துப் பார்த்திருக்கிறாள். சுவரின் கீழ் மூலையில் தொடங்கி மேலே எட்டிப் பிடிக்கவேண்டி இருந்ததாம். கூட்டத்தில் எழும்பி நின்றது அதற்கு அடுத்த ஞாயிறு.

யோகராசாவுக்கு வேறு கவலை.

"இது மாடெல்லோ? மூஞ்சையைப் பாத்தால் எருமை மாதிரிக் கிடக்கு. எங்கடை வீட்டிலை மாடு காய்ச்சக் கூடாது எண்டு கலியாணத்துக்கு முதலே கதைச்சனாங்கள்."

"மூஞ்சையைப் பாக்காதேங்கோ, கொம்பைப் பாருங்கோ. மாட்டுக்கு வருசா வருசம் கொம்பு விழுந்து முளைக்குமோ?"

அவன் இரண்டு நாள் எல்க்கின் படத்தை வைத்துக் கொம்பையே பார்த்துக்கொண்டு திரிந்தான்.

அந்த ஒக்டோபரில் அவள் ஒரு கிழமை லீவு போட்டுக்கொண்டு ஒட்வாரின் வேட்டைக் குழுவோடு போனாள். கொங்ஸ்விங்கருக்கு அப்பால், சுவீடன் எல்லைக்குக் கிட்டக் காடு. குழுவில் ஒன்பது பேர், இரண்டு நாய்கள். அவளிடம் துவக்கு இல்லை; சமையலுக்கும் தூக்கிப் பிடிக்கவும் உதவிக்கு வந்த ஆள். அதற்கு ஒரு பங்கு இறைச்சியும், நத்தாருக்குப் போதாததை மற்றவர்கள் தங்கள் பங்கிலிருந்து விட்டுத் தருவதாகவும் பேச்சு.

இரண்டாம் நாள் ஆர்னே ஒரு இளம் கிடாயைச் சுட்டார். ஆர்னே அந்தக் குழுவிலேயே மூத்தவர், வாயைத் திறந்தால் காசு கொடுக்கவேண்டும் என்பதுபோல இருக்கிற மனிதர். தோலுரிக்கும்போது மரியரஞ்சனியின் கத்தி போன வேகத்தைப் பார்த்து அவர்கூடத் தலையாட்டினாராம். ஃபின்மார்க் கை அல்லவா. நாலாகப் பிரித்து, குடிலுக்குப் பக்கத்தில் இருந்த பலகைக் கொட்டிலில் கொழுவிகளில் தொங்கவிட்டார்கள். கொட்டிலின் இரண்டு பக்கமும் காற்றுப் போக வலையடித்த இடைவெளி. ஒரு மூலையில் தரை கழுவுவதற்குத் தண்ணீர்க் குழாயும், சுவர் ஆணியில் சுருட்டித் தொங்கவிட்ட ஹோஸும்.

மூன்றாம் நாள் காலையில் எல்லோரும் காட்டுக்குள் போய்விட்டார்கள். சூப்பை அடுப்பில் ஏற்றிவிட்டு இவள் கொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தாள். இறைச்சியின் மேல்பக்கம் கறுத்துக் காய்ந்து போயிருந்தது. அங்கங்கே மயிர், பைன் இலை, உறைந்த இரத்தம். களைப்பில் கழுவாமலே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்று நினைத்தாள். அவளுக்கு அவர்கள்மேல் பாவமாகவும் இருந்தது, கொஞ்சம் அருவருப்பாகவும் இருந்தது.

வேறு எப்படி நினைப்பாள்? பேசாலையில் கரைக்கு வந்த மீனுக்குத் தண்ணீர். ஃபின்மார்க்கில் காலை தொடங்கி வேலை விடும்வரை தண்ணீர். வீட்டிலே இறைச்சி வாங்கினால் மூன்று தண்ணீர், மஞ்சள், திரும்ப ஒரு தண்ணீர். ஹோஸை எடுத்தாள். ஒரு மயிர் இல்லாமல், ஒரு பொட்டு இரத்தம் இல்லாமல் நாலு துண்டையும் இரண்டு மணித்தியாலம் கழுவினாள். காய்ந்து பிடித்திருந்த கறுப்புத் தோலைச் சுரண்டி எடுத்தாள். கறித்தூள் இல்லாமல் பயணம் போகாதவள்; பையில் மஞ்சள் இருந்தது. முழுவதையும் நன்றாகப் பூசினாள். ஈ இலையான் வராமல் இருக்க வலை இடைவெளிகளைச் சாக்கால் அடைத்தாள். கதவைப் பூட்டிவிட்டு வந்து சூப்பைக் கிண்டினாள். அன்றைக்கு இருந்த சந்தோசம் நோர்வே வந்து பதினாலு வருடத்தில் தனக்கு இருந்ததில்லை என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

அன்று பின்னேரம் தொடங்கி வானிலை மாறியது. தெற்குக் காற்றும் மழையுமாக, ஒக்டோபருக்கு ஒவ்வாத வெக்கை. நாய் ஒன்று காலில் வெட்டுப்பட்டு, ஆட்கள் அதோடு மினக்கெட்டு, கொட்டிலை யாரும் திறக்கவில்லை. கழுவியதிலிருந்து மூன்றாம் நாள் ஒட்வார் திறந்தபோது மணம்தான் முதலில் வெளியே வந்தது. இறைச்சி வழுவழுத்துப் போயிருந்தது. தொடை இடுக்குகளில் பச்சை பிடித்திருந்தது. அதற்குமேல் மஞ்சள் வேறு. ஏதோ புது நோய் என்று ஒட்வார் பயந்துவிட்டார்.

"இந்த மஞ்சள் என்ன?" என்று கேட்டார்.

அப்போதும் அவளுக்கு விளங்கவில்லை. "நான்தான் கழுவினேன்" என்று முகம் முழுக்கச் சிரிப்போடு சொல்லியிருக்கிறாள்.

ஒருவரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன் அண்ணை என்றாள். ஒட்வார் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். "காய்ந்த மேல்பக்கம்தான் இறைச்சிக்குச் சட்டை. காற்றும் குளிரும் அதைக் காப்பாற்றும். தண்ணீர் பட்டால் முடிந்தது. நான் உனக்குச் சொல்லியிருக்க வேண்டும்" என்றார். ஆர்னே அவளைப் பார்க்காமல் ஒரே ஒரு வசனம் சொன்னார்: "அது சும்மா செத்தது."

நூற்றைம்பது கிலோவுக்குக் கிட்ட இருந்த இறைச்சியைக் காட்டு ஓரத்தில் குழி தோண்டிப் புதைத்தார்கள். மண்வெட்டியை அவள் கேட்டு வாங்கினாள். குழியில் பாதி அவள் வெட்டியது.

செய்தி ஒஸ்லோவுக்கு வந்தது. எங்கள் சனத்தின் நியாயத்தைக் கேட்கவேண்டுமே. முழுப் பங்கும் மரியரஞ்சனியின் பக்கம். "கழுவாமல் தின்னுற சனத்துக்கு என்ன தெரியும்?" என்றாள் புளோறன்ஸ், எங்கள் விருந்துச் சமையலின் தலைவி. "மஞ்சள் பூசினால் கிருமி சாகுமெல்லே, பழுதாப் போனது அவையின்ரை காட்டுக் கொட்டிலாலை" என்றார் இன்னொருவர். நானும் சும்மா இருக்கவில்லை. பூசை முடிந்து கோப்பி குடிக்கும்போது அவளிடம் போய், "நீர் செய்ததிலை ஒரு பிழையும் இல்லைப் பிள்ளை, நானெண்டாலும் கழுவித்தான் இருப்பன்" என்றேன்.

"பிழை என்ரை, அண்ணை. ஒரு சீவனை வீணாக்கிப் போட்டன். சரியெண்டு சொல்லாதேங்கோ."

இப்படி ஒரு பெண்ணை எப்படித் தேற்றுவது? நான் கோப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அந்த நத்தாருக்கு நியூசிலாந்துப் பெட்டி நான்தான் எடுத்தேன். எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். விருந்தில் மரியரஞ்சனி எல்லோருக்கும் பரிமாறினாள். தன் கோப்பையில் சோறும் கத்தரிக்காயும் மட்டும் போட்டுக்கொண்டாள். கை கழுவப் போகும்போது என் முன்னால் நின்று, "குறிப்பேட்டிலை நான் தாறன் எண்டு எழுதினனீங்கள். அதை வெட்டாதேங்கோ. வருசத்தை மட்டும் மாத்துங்கோ" என்றாள்.

தைமாதம் வேட்டைக்காரர் வகுப்பில் சேர்ந்துவிட்டாள். இந்த நாட்டில் நினைத்தவன் நினைத்தபடி காட்டுக்குள் துவக்கோடு போகமுடியாது. முப்பது மணித்தியால வகுப்பு, பிறகு எழுத்துச் சோதனை. எந்த விலங்கின் தடம் எது, எந்தப் பறவையை எந்த மாதம் தொடக்கூடாது, குண்டு எங்கே பட்டால் சீவன் உடனே போகும் என்று செங்கல் தடிப்பில் நோர்வீஜியப் புத்தகம். வேலைக்குப் போகிற ரயிலில் அதை மடியில் விரித்து வைத்திருப்பாள். வகுப்பில் அவள் ஒருத்திதான் கறுப்பு; பெண்கள் இன்னும் இரண்டு பேர். முதல்முறை சோதனையில் தவறினாள். இரண்டாம் முறை தேறினாள்.

வீட்டில் அதற்குள் ஒரு போர் நடந்து முடிந்திருந்தது.

"துவக்குச் சத்தத்துக்குப் பயந்து கடல் தாண்டி ஓடி வந்தனாங்கள். இஞ்சை வந்து நீ துவக்குத் தூக்கப் போறியோ?" என்று யோகராசா சத்தம் போட்டான்.

"அது ஆக்களைச் சுடுற துவக்கு. இது சாப்பாட்டுக்கு."

"ரண்டுக்கும் குண்டு ஒண்டுதான்."

"ஓம், ஒண்டுதான். எனக்கும் பயம்தான். பயந்தாலும் போவன்."

சனத்தின் வாய் வேறு. ஊரிலே சண்டை திரும்பத் தொடங்கியிருந்த வருடம் அது. ஒரு தமிழச்சி துவக்குப் பழகுகிறாள் என்றால் அவரவர் மனதுக்கு வந்ததைச் சொன்னார்கள். இரண்டு பேர் ரகசியமாக வந்து என்னிடம் விசாரித்தார்கள். எல்க் சுடத்தான் பழகுகிறாள் என்று சொன்னால் நம்பவில்லை. நான் அவளுக்காக வாதாடிக்கொண்டு நின்றது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

கோடையில் சுடுதளம். பெரிய விலங்கு சுடுகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் தேறவேண்டிய சோதனை: நூறு மீற்றர் தூரத்தில் விலங்கின் உருவம், அதில் ஒரு வட்டம், ஐந்து குண்டும் வட்டத்துக்குள் விழவேண்டும். நாலு விழுந்தால் தோல்வி. அவள் முதல் நாள் போனபோது ஒன்றுகூட விழவில்லை. சத்தம் கேட்டதும் கண் தானாக மூடிவிடுகிறது, சண்டைச் சத்தத்தில் வளர்ந்த பேசாலைக் கண் அது. தோள் கன்றி நீலம் பாரித்தது. கோயிலில் கேட்டவர்களுக்குப் படியில் விழுந்துவிட்டேன் என்றாள். ஒவ்வொரு சனியும் போனாள். சுடுவதற்கு முன் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு அருள்நிறை மரியே செபம் சொல்லி முடிப்பாளாம், ஆமென் வரும்போது விசை. மூன்று தடவை சோதனையில் தவறினாள். நாலாம் தடவை ஐந்தும் உள்ளே. சோதனை வைத்தவர் வட்டத்தைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற ஒட்வாரைப் பார்த்துச் சிரித்தார். அந்தத் துவக்கு ஒட்வாருடையது, அந்தப் பருவத்துக்குக் கடதாசி எழுதி இரவல் கொடுத்திருந்தார். அது லேசான காரியம் அல்ல. குழுவில் அவளை இனிக் கூட்டிவரக் கூடாது என்று ஆர்னே சொல்லியிருந்தார்.

சமையலும் ஒரு சோதனையாகத்தான் இருந்தது. ஒட்வார் தன் பிறீசரிலிருந்து அரைக் கிலோ, ஒரு கிலோவாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். எல்க் இறைச்சியில் கொழுப்பு இல்லை. நாங்கள் ஆட்டுக்குக் கொடுக்கிற நெருப்பைக் கொடுத்தால் செருப்புத் தோல் வரும். முதல் கறியை யோகராசா நாலு நிமிடம் சப்பிவிட்டு, "மான்தான், ஓடித் திரிஞ்ச மான்" என்றான். அவள் எலும்போடு கணுக்காலைப் போட்டுப் பார்த்தாள். சின்ன நெருப்பில் மூடி வைத்து, தேங்காய்ப் பாலைக் கடைசியில் விட்டுப் பார்த்தாள். ஆவணியில் ஒரு நாள் யோகராசா தானாகவே இரண்டாம் தரம் சோறு போட்டுக்கொண்டானாம்.

2006 ஒக்டோபர். ஒட்வார் சொல்லி, ஒரே ஒரு பருவத்துக்கு என்று குழு சம்மதித்தது. குடிலில் இறங்கியதும் அவள் முதலில் போனது கொட்டிலுக்கு. குழாய் இருந்தது. சுவர் ஆணியில் ஹோஸ் இல்லை. யாரோ கழற்றி ஒளித்துவிட்டார்கள். அவளுக்கு விளங்கியது. கன்னத்தில் அறை விழுந்ததுபோல இருந்தது அண்ணை என்றாள். பையிலிருந்து ஒரு வெப்பமானியை எடுத்து, ஹோஸ் தொங்கிய அதே ஆணியில் மாட்டினாள்.

நாலாம் நாள் காலை அவள் நின்ற இடத்துக்கு ஒரு தாய் எல்க்கும் கன்றும் வந்தன. சுட்டாள். ஒரே குண்டு, கன்று விழுந்த இடத்திலேயே முடிந்தது. ஒட்வார் வந்து பார்த்து, அந்த நாட்டு வழக்கப்படி ஒரு பைன் கிளையை ஒடித்து அதன் வாயில் வைத்தார். அதற்குமேல் அந்தக் காலையைப் பற்றி அவள் யாரிடமும் கதைக்கவில்லை.

அந்தக் கிழமையில் குழுவுக்கு மொத்தம் நாலு விழுந்தன. கொட்டிலின் பொறுப்பை ஒட்வார் எல்லோருக்கும் முன்னால் அவளிடம் கொடுத்தார். ஆர்னே வெளியே போய் நின்றார். இறைச்சி பதமாவதற்கு அவர்களிடம் ஒரு கணக்கு இருக்கிறது: ஒவ்வொரு நாளின் சராசரி வெப்பத்தையும் கூட்டிக்கொண்டே போய், நாற்பது வந்தால் இறக்கலாம். ஐந்து பாகை என்றால் எட்டு நாள். லீவை நீட்டிக்கொண்டு அவள் அங்கேயே தங்கினாள். காலையும் மத்தியானமும் பின்னேரமும் பாகையைப் பார்த்துச் சுவரில் பென்சிலால் எழுதினாள். மயிர் ஒட்டியிருந்தால் கத்தி நுனியால் எடுத்தாள். அழுக்குப் பட்ட இடத்தை மெல்லிசாகச் சீவி எறிந்தாள். தண்ணீர்ப் பக்கம் போகவில்லை. இறைச்சி கறுத்துக் காய்ந்து வர வர அவளுக்கு நெஞ்சு ஆறிக்கொண்டு வந்தது. ஒருநாள் காலை கதவைத் திறந்தபோது, ஹோஸ் சுருட்டியபடி குழாயடியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆர்னேயின் சப்பாத்துத் தடம் வாசல் சேற்றில் இருந்தது.

பங்கு பிரிக்கிற நாள் வந்தது. நறுக்கிய இறைச்சியை நீள மேசையில் பத்துக் குவியலாக வைப்பார்கள். ஒருவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்பார். இன்னொருவர் ஒரு குவியலைத் தொட்டு "இது யாருக்கு?" என்று கேட்க, திரும்பி நிற்பவர் ஒரு பெயரைச் சொல்வார். பேசாலையில் மீன் பங்கு பிரித்ததைப் பார்த்து வளர்ந்தவளுக்கு இது புதிதல்ல. அன்று திரும்பி நின்றது ஆர்னே. முதல் குவியலைத் தொட்டு யாருக்கு என்று கேட்டார்கள்.

"றஞ்சனி" என்றார் ஆர்னே.

நாற்பத்தைந்து கிலோ பியோர்ண்டால் பிறீசருக்குள் போனது. போதாததற்கு, ஒட்வாரும் ஆர்னேயும் தங்கள் குவியலிலிருந்து ஆளுக்கு ஒரு பை கொண்டுவந்து வைத்தார்கள்.

நத்தார் விருந்துக்கு முதல் நாள் மத்தியானம் மண்டபத்துச் சமையலறையில் நான், புளோறன்ஸ், இன்னும் இரண்டு பேர். மரியரஞ்சனி வேலை முடிந்து வரவேண்டும். யோகராசா இறைச்சியைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு பஸ் ஓட்டப் போய்விட்டான். உறை இளகிய துண்டுகளைப் பெரிய அண்டாவில் கொட்டினேன். கடும் சிவப்பு, கறுப்பு என்றே சொல்லலாம். பார்த்ததும் என் கை தானாகப் போய்க் குழாயைத் திறந்துவிட்டது. மற்றக் கையில் மஞ்சள் பேணி. அண்டா நிரம்பத் தொடங்கும்போது அவள் வாசலில் நின்றாள், மேலங்கியைக்கூடக் கழற்றவில்லை.

"அண்ணை, தண்ணியைப் பூட்டுங்கோ."

எனக்குச் சுருக்கென்றது. ஒன்பது வருடம் அந்தச் சமையலறையில் எனக்கு யாரும் கட்டளை போட்டதில்லை. "கழுவாத இறைச்சியை நான் அடுப்பிலை ஏத்த மாட்டன். நூற்றிருபது சனம் சாப்பிடுறது. இஞ்சை உம்மடை காட்டுச் சட்டம் சரிவராது" என்றேன்.

"ரத்தமும் ருசியும் தண்ணியோடை போயிடும். பிறகு ஆடு மாதிரி இல்லையெண்டு சனம் கோப்பையிலை ஒதுக்கி வைக்கும். நான் வழிச்சு வாளிக்கை போடவேணும்."

"போட்டால் போகுது. ஒரு துண்டு ரண்டு துண்டு தானே?"

அவள் அண்டாவுக்குக் கிட்ட வந்தாள். மூச்சு வாங்கியது. அப்போதுதான் அந்தக் காலையைப் பற்றிச் சொன்னாள்.

"தாயும் கன்றும் வந்தால் கன்றைத்தான் முதல் சுடவேணும், அண்ணை. தாயைச் சுட்டால் கன்று குளிருக்கை பட்டினி கிடந்து சாகும். அதுதான் முறை. எனக்கும் ரண்டு பிள்ளையள். ஆமென் சொல்லச் சொல்ல வாய் வரேல்லை. சுட்டிட்டன். கன்று விழுந்திட்டுது. தாய் ஓடேல்லை. கன்றை மோந்து பாத்துக்கொண்டு நிண்டது. பிறகு தலையைத் தூக்கி நான் நிண்ட பக்கம் பாத்துக்கொண்டு நிண்டது. அது போகுமட்டும் நான் அசையேல்லை. எவ்வளவு நேரம் எண்டு தெரியாது." கண்ணீர் வடிந்தது, துடைக்கவில்லை. "போன வருசம் ஒண்டைக் குழியிலை போட்டன். இதிலை ஒரு துண்டும் வாளிக்கை போகக்கூடாது. போனால் நான் அந்தத் தாய்க்கு என்ன சொல்லுறது?"

புளோறன்ஸ் கரண்டியைக் கீழே வைத்தாள். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நான் குழாயைப் பூட்டினேன்.

அண்டாவில் நின்ற தண்ணீரை வடித்து, துண்டுகளை ஒவ்வொன்றாகத் துணியால் ஒற்றி எடுத்தோம், நாங்கள் ஐந்து பேரும். மஞ்சளைத் தூளோடு சட்டிக்குள் போட்டாள். சின்ன நெருப்பு, மூடி, கடைசியில் பால். நான் நெருப்பைக் கூட்டப் போகும்போதெல்லாம் என் கையைத் தட்டிவிட்டாள்.

அடுத்த நாள் நூற்றிருபது பேரும் சாப்பிட்டார்கள். மாடோ மானோ என்று கேட்டவர்களுக்குக் கொம்புக் கதையை யோகராசாவே சொன்னான். நல்லது என்று சிலர் வாயால் சொன்னார்கள், பலர் இரண்டாம் தரம் வரிசைக்கு வந்தார்கள். இரண்டொரு பேர் முகத்தைச் சுளித்தார்கள், அதையும் நான் மறைக்கப் போவதில்லை. கோப்பைகள் திரும்பி வரும் மேசையில் மரியரஞ்சனி நின்றாள். வேறு யாரையும் அங்கே நிற்க விடவில்லை. ஒவ்வொரு கோப்பையாக வாங்கிப் பார்த்தாள்.

என் கோப்பையைக் கடைசியாகக் கொண்டுபோனேன். வீம்புக்காரன் நான், சோற்றுக்குக் கீழே இரண்டு துண்டை ஒளித்து வைத்திருந்தேன். நன்றாக இல்லை என்று அல்ல. என் ஒன்பது வருடத்துக்கு ஏதாவது மிஞ்சவேண்டும் என்று மனது சொன்னது. அவள் கரண்டியால் சோற்றை விலக்கிப் பார்த்தாள். கோப்பையை என்னிடம் திருப்பித் தரவும் இல்லை, வாளிப் பக்கம் கொண்டுபோகவும் இல்லை. கையில் பிடித்தபடி நின்றாள்.

நான் நின்ற நிலையிலேயே அந்த இரண்டு துண்டையும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். பிறகுதான் கோப்பையைக் கீழே வைத்தாள். வாளியில் எலும்பு மட்டும்தான் கிடந்தது.